மிஸ்டர் பிளிசர்டைச் சுற்றிச் சுற்றி வீழ்த்துவது எப்படி? சூப்பர் மாரியோ 64-க்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

மாரியோ விளையாட்டுகளில் குளிர்ப் பிரதேச எதிரிகளுக்குக் குறைவே இல்லை. 1983-இல் வெளிவந்த மாரியோ பிரதர்ஸ் ஆர்கேட் விளையாட்டிலேயே ஃப்ரீஸி என்ற பனிக்கட்டி உயிரி இருந்தது. குழாயிலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து, தளத்தின் நடுவில் உருகி, அந்தத் தளம் முழுவதையும் வழுக்கும் பனியாக்கிவிட்டுப் போகும். கீழிருந்து ஒரு குத்துவிட்டால் அது உடைந்துவிடும். அதன்பின் வந்த பனி எதிரிகளில் பலவற்றையும் மிதித்தோ குத்தியோ தீர்த்துவிடலாம்.

மிஸ்டர் பிளிசர்ட் அந்த வகை அல்ல. 1996-இல் நின்டெண்டோ 64 கருவியுடன் வந்த சூப்பர் மாரியோ 64-இல்தான் இந்தப் பனிமனிதன் முதலில் தலைகாட்டினான். தரைப் பனிக்குள் புதைந்து கிடப்பான்; மாரியோ நெருங்கியதும் வெளியே எழுந்து, அவன் பக்கம் திரும்பிப் பனி உருண்டைகளை வீசுவான். புதிதாக ஆடுபவர்கள் ஓடிப்போய் ஒரு குத்துவிடுகிறார்கள். ஒன்றும் ஆவதில்லை. உடம்போடு மோதியதால் மாரியோதான் அடிபட்டுப் பின்னால் விழுகிறான். பிறகு பெரும்பாலானோர் இவனைக் கண்டாலே விலகி ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படி ஓடவே தேவையில்லை. இந்த விளையாட்டிலேயே மிக அழகாக யோசித்துச் செய்யப்பட்ட சிறு எதிரி இவன்தான் என்பது என் கருத்து. இவனை வீழ்த்தக் கட்டைவிரலை வட்டமாக ஓட்டத் தெரிந்தால் போதும். அந்த வட்டம் கைவந்துவிட்டால் விளையாட்டின் இன்னும் பல இடங்களில் அது உங்களுக்கு உதவும்.

முதலில் யார் எதிரி என்று தெரிந்துகொள்ளுங்கள்

சூப்பர் மாரியோ 64-இல் பனிக் களங்கள் இரண்டு: நான்காவது களமான கூல் கூல் மவுண்டன், பத்தாவது களமான ஸ்னோமேன்ஸ் லேண்ட். இரண்டிலும் பனிமனிதர்கள் பலவிதமாக வருவதால் புதியவர்களுக்குக் குழப்பம் வருகிறது.

கூல் கூல் மவுண்டனில் உடலைத் தொலைத்துவிட்டு வெறும் தலையாக உட்கார்ந்திருக்கும் ஒரு பனிமனிதன் உண்டு. அவன் எதிரி அல்லன், உதவி கேட்பவன். மலையில் உருண்டு வரும் அவனுடைய உடலை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால், புதிய களங்களைத் திறக்க உதவும் நட்சத்திரம் ஒன்று கிடைக்கும். ஸ்னோமேன்ஸ் லேண்டின் நடுவில் மலையளவு நிற்கும் பிரம்மாண்டப் பனிமனிதன் களத்தின் ஒரு பகுதி. அவன் மேல் ஏறிப் போக வேண்டுமே தவிர, அவனோடு சண்டையிட முடியாது. மிஸ்டர் பிளிசர்ட் என்பவன் தரைக்குள்ளிருந்து எழுந்து உருண்டை வீசுபவன் மட்டுமே. பார்வைக்கு வெற்றுப் பனித்தரையாக இருக்கும் இடத்தில் திடீரென்று ஏதாவது கிளம்பினால் அது பெரும்பாலும் இவன்தான்.

நீங்கள் தள்ளிப் போய்விட்டால் இவன் மறுபடியும் பனிக்குள் புதைந்துகொள்வான். இடம்விட்டு இடம் துரத்தி வரமாட்டான். ஆகவே சண்டையை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அடிபட்டுத் தடுமாறினால் தயங்காமல் விலகிப் போய், மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வாருங்கள்.

பயிற்சி முதல் களத்திலேயே இருக்கிறது

நேராகப் பனி மலைக்குப் போவதற்கு முன் முதல் களமான பாப்-ஆம் பேட்டில்ஃபீல்டுக்குப் போங்கள். அங்கே தரையில் மரக் கட்டைகள் நட்டு வைக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டையை ஒட்டியபடி வட்டமாகச் சில சுற்றுகள் ஓடிப் பாருங்கள். ஐந்து நாணயங்கள் வெளியே வரும். இது பலருக்கும் தெரிவதில்லை; தெரிந்தவர்களும் நாணயத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்தக் கட்டைகளைச் சும்மா நட்டுவைக்கவில்லை என்றே நினைக்கிறேன். திருப்பி அடிக்காத ஒரு பொருளைச் சுற்றி ஓடிப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

பழகும்போது கவனிக்க வேண்டியது மாரியோவின் திரும்பும் முறை. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஜாய்ஸ்டிக்கை மெல்ல மெல்லச் சாய்த்துக்கொண்டே போனால் மாரியோ வளைந்து ஓடுவான். சட்டென்று எதிர்ப்பக்கம் தள்ளினால் ஓட்டம் முறிந்து, கால் தேய்த்துக்கொண்டு சறுக்கி நின்று, பிறகுதான் திரும்புவான். வேறு சில இடங்களில் அந்தச் சறுக்கல் பயன்படும். சறுக்கும்போது ஏ பொத்தானை அழுத்தினால் உயரமாகப் பல்டி அடிப்பான். ஆனால் மிஸ்டர் பிளிசர்டின் முன்னால் அப்படிச் சறுக்கி நின்றால் அடுத்த உருண்டை நேராக உங்கள் மேல்தான் விழும். எனவே கட்டைவிரல் ஜாய்ஸ்டிக்கின் விளிம்பை ஒட்டியபடி நகர வேண்டும். நடுவே தாண்டிக் குதிக்கக் கூடாது.

பழைய நின்டெண்டோ 64 கைப்பிடியில் ஜாய்ஸ்டிக்கைச் சுற்றியுள்ள வளையத்துக்கு எட்டு மூலைகள் உண்டு. விளிம்போடு சுற்றும்போது ஒவ்வொரு மூலையிலும் விரலுக்கு ஒரு சின்னத் தட்டல் தெரியும். அதைப் பொருட்படுத்தாமல் ஒரே வேகத்தில் சுற்றப் பழகுங்கள். புதிய கருவிகளின் ஜாய்ஸ்டிக் வளையம் வட்டமாகவே இருப்பதால் இந்தச் சிக்கல் வராது.

கட்டையைச் சுற்றி, அதன் மேல் மோதாமல், சறுக்காமல், தொடர்ந்து ஓட முடிகிறதா? இரு திசைகளிலும் முடிகிறதா? அப்படியானால் மலைக்குப் புறப்படலாம்.

கேமராவை முதலில் சரிசெய்யுங்கள்

என்னைக் கேட்டால், மிஸ்டர் பிளிசர்டிடம் தோற்பவர்களில் பாதிப்பேர் கேமராவிடம்தான் தோற்கிறார்கள். இந்த விளையாட்டில் ஜாய்ஸ்டிக்கின் திசை எப்போதும் கேமரா பார்க்கும் திசையைப் பொறுத்தது. நீங்கள் வட்டமாக ஓடும்போது கேமராவும் உங்களைத் தொடர்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால், விரல் வரையும் வட்டமும் மாரியோ ஓடும் வட்டமும் ஒத்துப்போகாது. வட்டம் முட்டை வடிவமாகி, ஒரு பக்கம் அவன் மேல் உரசும். மறுபக்கம் வெகுதூரம் விலகும்.

அதனால் நெருங்குவதற்கு முன்பே நின்று, கீழ் நோக்கிய சி பொத்தானை அழுத்திக் கேமராவைப் பின்னுக்கு இழுங்கள். அகலமான காட்சி கிடைக்கும். இடம், வலம் நோக்கிய சி பொத்தான்களால் கேமராவைத் திருப்பி, பனிமனிதன் எழக்கூடிய இடம் திரையின் நடுவில் வரும்படி வையுங்கள். ஆர் பொத்தான், தள்ளியிருந்து காட்டும் லாகிட்டு கேமராவுக்கும் மாரியோவின் முதுகை ஒட்டிய கேமராவுக்கும் இடையே மாற்றும். இந்த வேலைக்கு லாகிட்டு கேமராதான் நல்லது. முதுகை ஒட்டிய காட்சி மாரியோவோடு சேர்ந்து சுழலும்போது தலைசுற்றுவது உங்களுக்குத்தான். ஓடத் தொடங்கிய பிறகு கேமரா பொத்தான்களைத் தொடாதீர்கள். சுவிட்ச் கருவிக்காக 2020-இல் வந்த சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ் தொகுப்பில் ஆடுபவர்கள் வலப்பக்க ஜாய்ஸ்டிக்கால் இதையெல்லாம் செய்யலாம்.

வீழ்த்தும் முறை

கூல் கூல் மவுண்டனுக்குள் போக, எல்லாக் களங்களுக்கும் வாசலாக இருக்கும் கோட்டையின் முதல் தளத்தில் உள்ள கதவைத் திறக்க வேண்டும். அதற்கு 3 நட்சத்திரங்கள் தேவை. மலை உச்சியில் இறங்குவீர்கள். அங்கிருந்து கீழே வரும் வழியில் மிஸ்டர் பிளிசர்டுகளைச் சந்திப்பீர்கள்.

அவன் எழுந்ததும் அவசரப்பட்டு நேராக அவனை நோக்கி ஓடாதீர்கள். உருண்டை நீங்கள் நிற்கும் திசையை நோக்கித்தான் வரும். நேராக ஓடினால் அதன் பாதையிலேயே நீங்களும் ஓடுகிறீர்கள். முதல் உருண்டையை ஒரு பக்கமாக விலகித் தவிர்த்துவிடுங்கள். அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பாருங்கள். பிறகு பக்கவாட்டில் வளைந்தபடியே நெருங்குங்கள். நெருங்குவதும் சுற்றுவதும் தனித்தனி வேலைகள் அல்ல. ஒரே வளைவின் இரு பாதிகள். வெளியிலிருந்து சுருள் போல உள்ளே வந்து வட்டத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும்.

வட்டத்தின் அளவு முக்கியம். மிகவும் ஒட்டி ஓடினால் உடம்பில் மோதி அடிபடுவீர்கள். மிகவும் தள்ளி ஓடினால் அவன் நிதானமாகத் திரும்பி உங்களைக் குறிவைத்துவிடுவான். மாரியோவின் உடலைப் போல இரண்டு, மூன்று மடங்கு இடைவெளி விட்டு ஓடினால் சரியாக இருக்கும். முழு வேகத்தில், செக்கு மாடு போல ஒரே சீராக, ஒரே திசையில் சுற்றுங்கள்.

இங்கே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் கை தானாகவே சரியாக வேலை செய்யும். மிஸ்டர் பிளிசர்ட் எப்போதும் மாரியோவை நேருக்கு நேர் பார்க்க விரும்புகிறான். பார்த்தால்தான் எறிய முடியும். நீங்கள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும்வரை அவன் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் வேகமாக ஓட ஓட அவன் வேகமாகத் திரும்புகிறான். அந்த வேகத்தை அவனுடைய உருண்டை உடம்பு தாங்குவதில்லை. முதலில் லேசாகப் பக்கவாட்டில் ஆடுவான். பிறகு அந்த ஆட்டம் பெரிதாகும். ஒரு கட்டத்தில் ஒருபுறமாகச் சாய்ந்து, நிமிர முடியாமல், தொப்பென்று விழுந்துவிடுவான். விழுந்த இடத்தில் மூன்று நாணயங்கள் சிதறும்.

அவன் ஆடத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "விழப் போகிறான்" என்ற மகிழ்ச்சியில் வேகத்தைக் குறைக்கிறார்கள். அல்லது ஒரு குத்துவிட்டு முடித்துவிடலாம் என்று உள்ளே பாய்கிறார்கள். வேகம் குறைந்தால் அவன் நிமிர்ந்துவிடுவான். ஆட்டம் தெரிந்த பிறகும் எதையும் மாற்றாமல் அதே வட்டத்தைத் தொடருங்கள். திசையையும் மாற்றாதீர்கள், வலமிருந்து இடமாகவோ இடமிருந்து வலமாகவோ, எப்படித் தொடங்கினீர்களோ அப்படியே முடியுங்கள்.

நடுவில் ஒரு உருண்டை பட்டுவிட்டால்? மாரியோ பின்னால் விழுந்து எழுவான். எழுந்தவுடன் சிறிது நேரம் உடல் மினுக்கும். அந்த நேரத்தில் மீண்டும் அடிபடமாட்டான். அந்தச் சில நொடிகளை ஒதுங்குவதற்குப் பயன்படுத்தாமல், மறுபடியும் வட்டத்துக்குள் நுழைவதற்குப் பயன்படுத்துங்கள். மாரியோவின் ஆற்றல் வட்டத்தில் 8 துண்டுகள் உள்ளன. ஒவ்வொரு மஞ்சள் நாணயமும் ஒரு துண்டைத் திருப்பித் தரும். ஆக அவனை வீழ்த்திக் கிடைக்கும் மூன்று நாணயங்கள் மூன்று துண்டுகளை மீட்டுத் தரும். ஒன்றிரண்டு உருண்டைகள் பட்டாலும் கணக்கு உங்களுக்குச் சாதகம்தான்.

தரையைப் பார்த்து ஆடுங்கள்

பனிச் சரிவில் வட்டமாக ஓடுவது மிகவும் கடினம். மேலேறும்போது மாரியோ வேகம் இழப்பான். இறங்கும்போது வழுக்கி வட்டத்தைவிட்டு வெளியேறுவான். இன்னொரு தொல்லையும் உண்டு. சிதறும் நாணயங்கள் தரையில் உருளும். சரிவாக இருந்தால் கீழே உருண்டுபோய், கொஞ்ச நேரத்தில் மறைந்தும் போய்விடும். பாடுபட்டு வீழ்த்திவிட்டு நாணயம் விளிம்பைத் தாண்டி உருண்டு போவதைப் பார்ப்பது வருத்தமானது. பனிமனிதன் எழும் இடத்தை மாற்ற முடியாதுதான். ஆனால் தரை கொஞ்சம் சமமாக உள்ள பக்கத்தை முன்கூட்டியே பார்த்துவைக்கலாம். விழுந்தவுடன் சரிவின் கீழ்ப்பக்கம் போய் நின்றால் நாணயங்கள் உங்களை நோக்கி வரும்.

மலை விளிம்பை ஒட்டிய இடங்களில் எழுபவர்களோடு தொடக்கத்தில் மோதவே வேண்டாம். அங்கே உருண்டை பட்டால் ஆற்றல் குறைவது மட்டுமல்ல, பின்னால் தள்ளப்பட்டு மலையிலிருந்தே விழுந்துவிடலாம். கை பழகிய பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

பனித்தரைக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. வேறு களங்களில் உயரத்திலிருந்து குதித்தால் அடிபடும். இங்கே மென்பனியில் விழுந்தால் மாரியோ காலோ, இடுப்போ, சில நேரம் தலையோ புதைந்து மாட்டிக்கொள்வான், அடிபடமாட்டான். பிறகு தன்னைத் தானே பிடுங்கிக்கொண்டு வெளியே வருவான். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் மிஸ்டர் பிளிசர்டுக்குப் பக்கத்தில் அப்படித் தலைகீழாகச் செருகிக்கொண்டால் பிடுங்கி எழுவதற்குள் உருண்டை வந்துவிடும். மேலிருந்து அவன் இருக்கும் இடத்துக்குக் குதித்து இறங்காமல், நடந்தே வாருங்கள்.

பென்குயின் குட்டி கையில் இருந்தால்

கூல் கூல் மவுண்டனின் இரண்டாவது நட்சத்திரம் ஒரு பென்குயின் குட்டியைப் பற்றியது. உச்சியில் உள்ள வீட்டருகே திரியும் குட்டியைத் தூக்கிக்கொண்டு, மலையடிவாரத்தில் காத்திருக்கும் தாயிடம் சேர்க்க வேண்டும். குட்டியைத் தூக்கியிருக்கும்போது அடிபட்டால் அது கைநழுவிப் போய்விடும். அதுவும் சரிவில் விழுந்தால் மறுபடி தேடிப் பிடிப்பது பெரும்பாடு. இந்தப் பயணத்துக்கு முன் வெறுங்கையோடு ஒருமுறை கீழே போய், எங்கெங்கே பனிமனிதர்கள் எழுகிறார்கள் என்று பார்த்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குட்டியோடு வரும்போது அந்த இடங்களைத் தள்ளியே கடந்து வாருங்கள். குட்டி கையில் இருக்கும்போது சண்டை வேண்டாம்.

சில மிஸ்டர் பிளிசர்டுகள் உருண்டை வீசாமல் இடமும் வலமுமாகக் குதித்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களைச் சுற்ற முயல வேண்டாம். குதிக்கும் தாளத்தைப் பார்த்து, ஒரு பக்கம் போனதும் மறுபக்கமாக ஓடிவிடுங்கள்.

நூறு நாணயக் கணக்கு

ஒவ்வொரு முதன்மைக் களத்திலும் 100 நாணயங்கள் சேர்த்தால் ஒரு நட்சத்திரம் தனியாகக் கிடைக்கும். கூல் கூல் மவுண்டனில் மொத்தம் 154 நாணயங்கள் உள்ளன. வீட்டின் புகைபோக்கி வழியாக இறங்கும் சறுக்குப் பாதையிலேயே நிறையக் கிடைத்துவிடும். அங்கே மிஸ்டர் பிளிசர்டை விட்டுவிட்டாலும் சமாளிக்கலாம். ஸ்னோமேன்ஸ் லேண்டில் நிலைமை வேறு. அங்கே மொத்தமே 127 நாணயங்கள். 27-க்கு மேல் தவறவிட்டால் நட்சத்திரம் இல்லை. பூப்போலச் சுழன்று திரியும் ஸ்பின்ட்ரிஃப்டுகளை மிதித்தாலும் நாணயம் கிடைக்கும். மிதித்த வேகத்தில் மாரியோ சுழன்றபடி மேலே எழும்பி மெதுவாக இறங்குவான் என்பதால் அவற்றை மிதிப்பது எளிது. மிஸ்டர் பிளிசர்டுகள்தான் பலரும் விட்டுவிட்டுப் போகும் நாணயங்கள். அங்கே நூறைத் தொட முடியாமல் தவிப்பவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, "பனிமனிதர்களைச் சுற்றினீர்களா?" என்பதுதான்.

தொப்பி தொலைந்தால் இவனிடம் கேளுங்கள்

ஸ்னோமேன்ஸ் லேண்டுக்குள் நுழைவதே ஒரு சின்னப் புதிர். விளையாட்டின் முதன்மை வில்லனான பௌசரை இரண்டாம் முறை வென்று மேல்தளச் சாவியைப் பெற்ற பிறகு, அங்கே கண்ணாடி பதித்த ஓர் அறைக்குப் போங்கள். கண்ணாடியில் மட்டும் ஓர் ஓவியம் தெரியும். அதற்கு எதிரே உள்ள சுவர் வெறுமையாக இருக்கும். பிம்பம் காட்டும் இடத்தில் அந்த வெற்றுச் சுவருக்குள் குதித்தால் களம் திறக்கும்.

உள்ளே முதல் நட்சத்திரம் பிரம்மாண்டப் பனிமனிதனின் தலை உச்சியில் இருக்கிறது. அதற்குப் போகும் வழியில் அவன் முகத்துக்கு நேரே ஒரு குறுகிய பனிப்பாலம். அங்கே அவன் வாயிலிருந்து காற்று ஊதுவான். பாலத்தில் பெரிய பென்குயின் ஒன்று முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கும். அதன் மறைவில், அதன் வேகத்துக்கே நடந்து கடக்க வேண்டும். மறைவைவிட்டு வெளியே வந்தால் காற்று மாரியோவைத் தூக்கி எறிவதோடு தொப்பியையும் பறித்துவிடும்.

தொப்பி இல்லாத மாரியோவுக்கு ஒவ்வொரு அடியும் கூடுதலாக வலிக்கும். ஆற்றல் வழக்கத்தைவிட வேகமாகக் குறையும். கீழே விழுந்த தொப்பி கண்ணில் பட்டால் உடனே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எடுக்காமல் களத்தைவிட்டு வெளியேறிவிட்டால், அடுத்த முறை வரும்போது அந்தத் தொப்பி ஒரு மிஸ்டர் பிளிசர்டின் தலையில் இருக்கும்! சிவப்புத் தொப்பியோடு பனிமனிதன் எழுவதைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். அவனையும் அதே முறையில் சுற்றி வீழ்த்துங்கள். தொப்பி கீழே விழும். சுற்றி வீழ்த்தத் தெரியாதவர்கள் தொப்பியில்லாமலேயே அடுத்தடுத்த களங்களுக்குப் போய்த் திண்டாடுவது உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவாவது வட்டம் ஓடப் பழகியிருக்க வேண்டும்.

இந்தக் களத்தின் குளிர்ந்த நீரிலும் எச்சரிக்கை தேவை. பனி இல்லாத களங்களில் நீரின் மேற்பரப்புக்கு வந்தால் ஆற்றல் நிரம்பும். இங்கே நீரில் இருக்கும்வரை வேகமாகக் குறைந்துகொண்டே போகும். பனிமனிதனிடம் அடிபட்ட மாரியோவை நீரில் இறக்கி ஆற்ற நினைக்காதீர்கள்.

டிஎஸ் கருவியில் ஆடுபவர்களுக்கு

2004-இல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்காக வந்த சூப்பர் மாரியோ 64 டிஎஸ்-இல் ஜாய்ஸ்டிக் கிடையாது. திசைப் பொத்தானால் எட்டுத் திசைகளில் மட்டுமே நகர முடியும் என்பதால் வட்டம் எட்டுப் பக்க வடிவமாகத்தான் வரும். ஒவ்வொரு திசையையும் விட்டுவிட்டு அழுத்தாமல், விரலை எடுக்காமல் பொத்தானின் மேலேயே உருட்டிக்கொண்டு போங்கள். ஓடுவதற்கு ஒய் பொத்தானையும் சேர்த்தே பிடித்திருக்க வேண்டும். தொடுதிரையால் கட்டுப்படுத்தப் பழகியவர்களுக்கு வளைவு இன்னும் சீராக வரும்.

அடுத்து எங்கே?

மிஸ்டர் பிளிசர்டைத் தயங்காமல் வீழ்த்த முடிகிறதென்றால், 12 நட்சத்திரங்கள் சேர்த்த பிறகு திறக்கும் பேய் வீடான பிக் பூஸ் ஹான்டுக்குப் போங்கள். அங்கே மிஸ்டர் ஐ என்ற பெரிய கண் ஒன்று காத்திருக்கும். அதுவும் உங்களையே பார்த்துத் திரும்பித் திரும்பிக் குண்டு வீசும். அதையும் சுற்றி ஓடித்தான் வீழ்த்த வேண்டும்; வீழ்ந்தால் ஐந்து நாணய மதிப்புள்ள நீல நாணயம் தரும்.

அதற்கும் முன்னால் 8 நட்சத்திரங்களில் திறக்கும் பௌசரின் முதல் களத்தில் உங்கள் கட்டைவிரலுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பௌசரின் பின்பக்கமாக ஓடி வாலருகே போய், பி பொத்தானை அழுத்தி வாலைப் பிடியுங்கள். பிறகு ஜாய்ஸ்டிக்கை அதே வட்டமாகச் சுற்றுங்கள். இப்போது ஓடுவதற்குப் பதிலாக மாரியோ நின்ற இடத்திலேயே பௌசரைத் தூக்கிச் சுழற்றுவான். சுழற்சி வேகமெடுத்ததும், மேடையின் விளிம்பைச் சுற்றியிருக்கும் முள் குண்டுகளில் ஒன்று எதிரே வருவதற்குச் சற்று முன்பாகவே பி பொத்தானை மறுபடி அழுத்தி விடுங்கள். முதல் பௌசருக்கு ஒரு குண்டில் மோதினாலே போதும். குறி தவறினால் கவலைப்படாமல் மீண்டும் பின்பக்கமாகச் சுற்றி வாருங்கள். அந்தச் சுற்றுக்கும் பனிமனிதனிடம் பழகிய அதே வளைவுதான் பயன்படும்.